பங்குனி வெயில், பந்து, ஓட்டு: மைதானத்துக்குள் கட்சி வரலாமா?

மாசிவீதி ரசிகன்

பங்குனி பிறந்ததும் வெயில் ஏறிவிட்டது. காலை ஆறரைக்கே சட்டை நனைகிறது. தெருமுனைக்கு நுங்கு வண்டி வந்தாச்சு. ராத்திரி ஏழரை ஆனால் வீட்டில் ஐபிஎல், வாசலில் தேர்தல் ஆட்டோ மைக். வருடத்திலேயே எனக்குப் பிடித்த காலம் இதுதான், இன்னும் கொஞ்ச நாளில் மீனாட்சி கல்யாணம், தேர், அப்புறம் அழகர் ஆற்றில் இறங்குவது. எனக்கு 56 வயது. பழமையை விரும்புகிறவன் என்று சொல்லிக்கொள்ள எனக்குத் தயக்கமே இல்லை. ஐந்து நாள் டெஸ்ட் மேட்சை உட்கார்ந்து பார்ப்பவன், 2023-ல் ஐபிஎல்லில் கொண்டுவந்த இம்பாக்ட் பிளேயர் விதியை இன்றுவரை மனதால் ஏற்காதவன். பதினோரு பேர் ஆடுகிற ஆட்டத்தில் பாதியில் ஒருவன் வந்து அடித்துவிட்டுப் போனால், பந்தும் போட்டு மட்டையும் பிடிக்கக் கஷ்டப்பட்டுக் கற்றுக்கொண்டவனுக்கு என்ன மரியாதை?

சரி, எழுத வந்தது வேறு. எங்கள் ஏரியா மைதானத்தில் போன வாரம் ஒரு கட்சிக் கூட்டம். பந்தல் போட்டார்கள், கால் ஊன்றக் குழி தோண்டினார்கள், பேசினார்கள், பந்தலைப் பிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். குழியை யாரும் மூடவில்லை. அதில் மூன்று குழி நட்ட நடு பிட்சில். ஞாயிற்றுக்கிழமை காலை பந்து போட ஓடி வந்த எட்டாம் வகுப்புப் பையன் ஒரு குழிக்குள் காலை விட்டுவிட்டான், கணுக்கால் எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கிவிட்டது. நான் குனிந்து அந்தக் குழிக்குள் கையை விட்டுப் பார்த்தேன். முழங்கை வரை போனது. அடியில் மாலை நாரும் தண்ணீர் பாக்கெட் கவரும்தான் கிடந்தன.

எந்தக் கட்சி என்று சொல்ல மாட்டேன், எல்லாரும் இதைத்தான் செய்கிறார்கள். நான் கேட்பது ஒன்றுதான். மைதானத்துக்குள் கட்சி வரக்கூடாது. 1999 ஜனவரியில் சேப்பாக்கம் டெஸ்டில் பாகிஸ்தானிடம் 12 ரன்னில் தோற்றோம், முதுகுவலியோடு சச்சின் 136 அடித்தும் தோற்றோம். அன்றைக்கு அந்த ஸ்டேடியமே எழுந்து நின்று ஜெயித்த அணிக்குக் கை தட்டியது. டிவியில் பார்த்த எனக்கே இன்னும் மெய் சிலிர்க்கிறது. நம் ஊர் விளையாட்டு அப்படித்தான் இருந்தது, அப்படியே இருக்கட்டும்.

செல்லூர் தோழர்

அண்ணே, குழி விஷயத்தில் உங்கள் பக்கம்தான். அந்தப் பையனை நினைத்தால் எனக்கும் கோபம் வருகிறது. ஆனால் அதிலிருந்து 'விளையாட்டில் அரசியலே வேண்டாம்' என்று தாவுகிறீர்களே, அதை ஒப்புக்கொள்ள முடியாது.

அதே சேப்பாக்கத்தில் 2018 ஏப்ரல் 10 என்ன நடந்தது? காவிரிக்கு ஆறு வாரத்தில் ஏற்பாடு செய்யச் சொல்லி உச்ச நீதிமன்றம் பிப்ரவரியில் தீர்ப்புக் கொடுத்தது. கெடு முடிந்தும் மத்திய அரசு காவிரி மேலாண்மை வாரியம் அமைக்கவில்லை. டெல்டாவே கொதித்தது. அந்த நேரத்தில் சென்னையில் மட்டும் விசில் அடித்து ஐபிஎல் மேட்ச் நடந்தால் எப்படி என்று கேட்டுத்தான் ஆட்கள் ரோட்டுக்கு வந்தார்கள். மேட்ச் நடக்கும்போது உள்ளே செருப்பு விழுந்தது, சென்னையில் மீதி இருந்த 6 மேட்சும் புனேவுக்குப் போனது. செருப்பு வீசியதை நான் சரி என்று சொல்லவில்லை. ஆனால் அந்த நாட்களில் காவிரி என்ற பேச்சே இல்லாத டிவிகளிலும் காவிரி வந்தது. ஜூன் மாதம் காவிரி ஆணையமும் வந்தது. மைதானம் ஊருக்குள்தானே இருக்கிறது? ஊர் தண்ணீருக்குத் தவிக்கும்போது மைதானம் மட்டும் தனியாக எப்படி இருக்கும்?

மாசிவீதி ரசிகன்

ஆணையம் வந்தது கோர்ட்டால், மேட்ச் போனதால் இல்லை. செருப்பு விழுந்தது யார் மேல்? காவிரிக்கும் உள்ளே ஆடிய பையன்களுக்கும் என்ன சம்பந்தம்? புனேவுக்குப் போனதில் டெல்டா விவசாயிக்கு ஒரு குடம் தண்ணீர் கூட வரவில்லை. ஸ்டேடியம் வாசலில் சுண்டல் விற்கிறவன் பிழைப்புத்தான் போனது. இரண்டு வருடம் தடையில் இருந்த சென்னை அணி அப்போதுதான் சொந்த ஊருக்குத் திரும்பியிருந்தது, மறந்துவிட்டீர்களா?

பாலமேடு காளைவீடு

அண்ணே வணக்கம். நீங்கள் சொல்வதும் தோழர் சொல்வதும் கிரிக்கெட். எங்கள் பக்கத்துக் கதையைக் கேளுங்கள்.

2014 மே 7-ல் ஜல்லிக்கட்டுக்குத் தடை வந்தது. அடுத்த இரண்டு பொங்கலுக்கும் எங்கள் ஊர் வாடிவாசல் சும்மா கிடந்தது. எங்கள் வீட்டில் அப்போது ஒரு காளை இருந்தது. அவிழ்க்கவே முடியாத மாட்டுக்கு அப்பா தினமும் பருத்திக்கொட்டை ஆட்டி வைத்தார், கிணற்றில் நீச்சல் விட்டார், சாயங்காலம் மண் குத்த விட்டார். எதுக்குப்பா இந்தச் செலவு என்று கேட்டால், அது என்னைக்கு வரும்னு தெரியாதுல்ல, மாடு தயாரா இருக்கணும் என்பார். 2017 ஜனவரியில் மதுரை தமுக்கம் மைதானத்தில் பிள்ளைகள் ராப்பகலாக உட்கார்ந்தார்கள், அலங்காநல்லூரில் உட்கார்ந்தார்கள். 22-ஆம் தேதி அவசரச் சட்டத்தோடு முதலமைச்சரே அலங்காநல்லூரில் ஆட்டத்தைத் தொடங்கிவைக்க வந்தார். நிரந்தரச் சட்டம் இல்லாமல் அவிழ்க்க மாட்டோம் என்று ஊர் நின்றது, அவர் தொடங்கிவைக்காமலே திரும்பிப் போனார். மறுநாள் சட்டசபையில் சட்டம் நிறைவேறியது. பிப்ரவரியில் எங்கள் வாடிவாசல் திறந்தது.

இப்போது சொல்லுங்கள், அது அரசியல் இல்லாமல் கிடைத்ததா? ஆனால் ஒன்று, அந்த உட்காரலில் கட்சிக்காரர் ஒருவரையும் மேடை ஏற விடவில்லை. கட்சி வேறு, அரசியல் வேறு. இரண்டையும் நீங்கள் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறீர்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

மாசிவீதி ரசிகன்

தம்பி, நீ சொன்னதுதான் நான் சொல்ல வந்தது, எனக்குச் சொல்லத் தெரியவில்லை. தமுக்கத்துக்கு நானும் இரண்டு நாள் தயிர்சாதப் பொட்டலம் கொண்டுபோனேன். பழக்கத்தைக் காப்பாற்ற ஊர் கூடினால் அது எனக்குச் சம்மதம். அந்தக் கூட்டத்தை ஓட்டாக மாற்ற ஒருவர் கொடியோடு வருகிறாரே, அதுதான் எனக்கு ஆகாது. இப்போது பாருங்கள், ஜெயித்த மாடுபிடி வீரனுக்குக் கார், டிராக்டர். யார் கொடுத்தார் என்பதைச் சொல்லாமல் ஒரு பரிசாவது கைக்கு வருகிறதா?

ஒத்தக்கடை 400

சார், நான் 400 மீட்டர் ஓடுகிறவள். ஒத்தக்கடைப் பக்கம் கிராமம். நீங்கள் எழுதியதை இரண்டு தடவை படித்தேன். 'அப்படித்தான் இருந்தது, அப்படியே இருக்கட்டும்' என்ற வரியில் நின்றுவிட்டேன்.

எங்கள் ஊரில் இருந்த பழக்கத்தை நான் சொல்கிறேன். ஊர்ப் பொட்டலில் சாயங்காலம் பையன்கள் வாலிபால் ஆடுவார்கள், பெண் பிள்ளைகள் ஓரமாகத் தண்ணீர் எடுத்துக்கொண்டு போவோம். எட்டாம் வகுப்பில் நான் ஓட ஆரம்பித்தபோது டிரவுசர் போட்டு ஓடக்கூடாது என்று ஊரில் நாலு பேர் அப்பாவிடம் வந்து சொன்னார்கள். சுடிதாரில் ஓடினேன், இருட்டோடு அஞ்சு மணிக்கு, யாரும் எழுந்திருக்கும் முன்னால். அதுவும் பழக்கம்தான் சார். அதைக் காப்பாற்ற ஊர் கூடினால் உங்களுக்குச் சம்மதமா?

இன்னொன்று. வேறொரு திரியில் மகளிர் இலவசப் பஸ்ஸைப் பற்றி நீங்கள் எழுதியிருந்தீர்கள், சும்மா கொடுத்தால் அருமை தெரியாது என்று. 2021 மே மாதம் அந்த உத்தரவு வந்தது. அதற்கு முன்னால் வாரத்தில் இரண்டு நாள்தான் ரேஸ்கோர்ஸ் மைதானத்துக்கு என்னால் வர முடிந்தது, மாட்டுத்தாவணி வந்து இன்னொரு பஸ் மாற வேண்டும், போக வர நாலு டிக்கெட். அம்மா கட்டட வேலை. உத்தரவு வந்த பிறகு ஆறு நாளும் வந்தேன். அந்த ஒரு வருடத்தில் என் நேரம் மூன்று செகண்டுக்கு மேல் குறைந்தது. ஓட்டுக்காகத்தான் கொடுத்தார்கள், எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சீட்டைக் கிழித்து வாங்கி ஜன்னல் ஓரம் உட்காரும்போது அருமை தெரியாமல் ஒருநாளும் உட்கார்ந்ததில்லை.

அனுப்பானடி ஆல்ரவுண்டர்

அண்ணன் 2025 செப்டம்பரில் துபாய் மேட்சில் நம் ஆட்கள் பாகிஸ்தான்காரர்களுக்குக் கை கொடுக்காமல் வந்ததைப் பாராட்டி எழுதியதை நான் மறக்கவில்லை. 1999-ல் கைதட்டியது பெருமை, 2025-ல் கைகொடுக்காததும் பெருமை. இரண்டில் எது உங்கள் மைதானம்?

மாசிவீதி ரசிகன்

இரண்டு பேருக்கும் நேராகப் பதில் சொல்கிறேன்.

கைகொடுக்காத விஷயம். காஷ்மீர் பகல்காமில் பயங்கரவாதிகள் 26 பேரைச் சுட்டுக் கொன்று ஐந்து மாதம்கூட ஆகவில்லை. அன்று எனக்கு ரத்தம் கொதித்தது, எழுதினேன். இப்போது நிதானமாக யோசித்தால், ஆடவே போகாமல் இருந்திருக்கலாம், ஆடப் போனால் கைகொடுத்திருக்க வேண்டும். பாதி ஆட்டம் பாதி அரசியல் என்று நின்றது எனக்கு இப்போது உறுத்துகிறது. நான் அன்று எழுதியது தப்பு.

அந்த ஓட்டக்காரப் பிள்ளைக்கு: அம்மா, பஸ் விஷயத்தில் என் வாய் அடைத்துவிட்டது. என் மகளை ஸ்கூட்டர் வாங்கிக் கொடுத்துக் கல்லூரிக்கு அனுப்பியவன் நான், நாலு டிக்கெட் காசு ஒரு வீட்டில் என்ன கணக்கு என்று எனக்குத் தெரியாமல் போய்விட்டது. டிரவுசர் விஷயத்திலும் உன் பக்கம்தான். பழக்கம் என்றால் எல்லாப் பழக்கமும் இல்லை.

ஆனால் பழமை பேசுகிறவன் என்றாலே பிள்ளைகளை அடைத்துவைப்பவன் என்று எழுதாதீர்கள். 2019 ஏப்ரல் 18, தேரும் ஓட்டும் ஒரே நாள். தேதியை மாற்றச் சொல்லிக் கோர்ட்டுக்குப் போனார்கள், மாறவில்லை, மதுரைக்கு மட்டும் ராத்திரி 8 மணி வரை ஓட்டுப் போட விட்டார்கள். நான் காலையில் முதல் ஆளாகப் போட்டுவிட்டு மாசி வீதிக்கு ஓடினேன். வடத்தில் கை வைத்தபோது பக்கத்தில் இருந்த கை எல்லாவற்றிலும் மை. எனக்கு முன்னால் இழுத்தவன் விரலில் மை இன்னும் காயாமல் வடத்தில் ஒட்டியது. அவன் யாருக்குப் போட்டான் என்று நான் கேட்கவில்லை, அவனும் கேட்கவில்லை, தேர் நகர்ந்தது. நான் காப்பாற்ற நினைக்கிற பழக்கம் இதுதான்.

டாஸ்மாக் விஷயத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன். 2003-ல் சில்லறை விற்பனையை அரசே கையில் எடுத்ததிலிருந்து எந்த ஆட்சி வந்தாலும் கடை இருக்கிறது. டென்னிஸ் பால் டோர்னமென்ட் முடிந்த மறுநாள் காலை எங்கள் மைதானத்தில் பவுண்டரி ஓரமாக நடந்து பாருங்கள், பாட்டில் சில்லு பொறுக்கியே ஒரு வாளி நிறையும். அங்கேதான் சின்னப் பிள்ளைகள் வெறுங்காலில் ஃபீல்டிங் நிற்கிறார்கள்.

செல்லூர் தோழர்

டாஸ்மாக்கில் நானும் உங்களோடு நிற்கிறேன். செல்லூர் ரவுண்டானாவில் கபடி வீரர் சிலை வைத்திருக்கிறோம், அந்தக் கபடியை வளர்த்த தெருக்களில் முப்பது வயதில் குடித்தே செத்தவர்களை எனக்குப் பெயர் பெயராகத் தெரியும்.

ஆனால் தேர்க் கதையில் ஒரு இடத்தைத் தாண்டிப் போகிறீர்கள். அவன் யாருக்குப் போட்டான் என்று கேட்காமல் இழுத்தீர்கள், நல்லது. ஆனால் அவன் கையில் அந்த மை எப்படி வந்தது? ஏழைக்கும் பணக்காரனுக்கும் ஒரே ஓட்டு என்று ஆனதால் வந்தது. அது தானாக வந்த பழக்கம் இல்லை, கேட்டு வாங்கியது.

குழிக்கு வருவோம். தேர்தல் நேரத்தில் கூட்டத்துக்கு மைதானம் கேட்டால் சும்மா கிடைக்காது. தேர்தல் ஆணையத்தின் சுவிதா இணையதளம் வழியாக விண்ணப்பம், போலீஸ் அனுமதி எல்லாம் உண்டு. இடத்தைப் பழைய நிலையில் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று அனுமதிக் கடிதத்தில் இருக்கிறதா பாருங்கள், இல்லாவிட்டால் இனிமேல் சேர்க்கச் சொல்லி மனுக் கொடுங்கள். யாரிடமும் போக மாட்டேன், கட்சி வேண்டாம் என்று உட்கார்ந்தால் அடுத்த வாரம் இன்னொரு கட்சி இன்னும் பத்துக் குழி தோண்டும்.

பாலமேடு காளைவீடு

மனு ஒரு பக்கம் இருக்கட்டும், முதலில் குழியை மூடுங்கள் அண்ணே. வெறும் மண்ணைத் தள்ளி மூடினால் முதல் மழைக்கு அமுங்கிவிடும். வாடிவாசலில் நாங்கள் செய்கிற மாதிரி பாதிவரை சரளை, மேலே செம்மண், தண்ணீர் தெளித்துத் திமிசு போட்டு இடிக்க வேண்டும். ஒரு டிராக்டர் செம்மண் என் செலவு. ஞாயிறு காலை அஞ்சரைக்கு வந்துவிடும்.

ஒத்தக்கடை 400

சனிக்கிழமை பயிற்சி முடிந்து வரும்போது உங்கள் மைதானத்துக்குப் போய் எண்ணினேன் சார். 22 குழி. பிட்சில் மூன்று, மிட் ஆனில் நாலு, மீதி எல்லாம் மேடை இருந்த பக்கம். நீங்கள் சொன்னது சரிதான், முழங்கை வரை போகிறது. போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.

நன்னடத்தை விதி இருப்பதால் திங்கட்கிழமை குறைதீர் கூட்டம் இப்போது கிடையாது, கலெக்டர் ஆபீசில் பெட்டிதான். அதில் போட்டுவிடலாம். மனுவை நீங்களே எழுதுங்கள், உங்கள் கையெழுத்து நன்றாக இருக்கும் என்று நினைக்கிறேன். ஆனால் எந்தக் கட்சி, எந்தத் தேதி, எத்தனை குழி என்று மூன்றும் இருக்க வேண்டும்.

மாசிவீதி ரசிகன்

தேதியும் எண்ணிக்கையும் எழுதுகிறேன். கட்சிப் பெயரை எழுத மாட்டேன். எழுதினால் மறுநாளே நான் எதிர்க்கட்சி ஆளாகிவிடுவேன், பிள்ளைகளின் மைதானம் பின்னால் போய்விடும்.

ஒத்தக்கடை 400

பெயர் இல்லாத மனுவுக்கு யாரைக் கூப்பிட்டுக் கேட்பார்கள் சார்? உங்கள் தாளில் நீங்கள் எழுதியதை எழுதுங்கள். கீழே நான் தனியாக ஒரு தாள் வைத்து, பெயரோடு எழுதிக் கையெழுத்துப் போடுகிறேன். இரண்டையும் ஒரே கவரில் வைக்கலாம்.

மாசிவீதி ரசிகன்

சரிம்மா. ஞாயிற்றுக்கிழமை உன் தாளைக் கொண்டுவா. திமிசு எங்கள் தெருவில் கொத்தனார் ஒருவரிடம் இருக்கிறது, கேட்டுவிட்டேன்.