பழைய டஸ்டருக்கு ஏடி (ஆல் டெர்ரைன், தாருக்கும் கல்லு மண்ணுக்கும் பொதுவான) டயர் போடலாமா? பூப்பாறை பக்கம் தோட்டத்து ரோடு, டூ வீல் டிரைவ் வண்டி

ஏலக்காட்டான்:
வணக்கம் அண்ணே எல்லாருக்கும். நம்மகிட்ட இருக்கறது 2014 ரெனோ டஸ்டர், 85 பிஎஸ் டீசல், முன் வீல் மட்டும் இழுக்கற வண்டி, ஆல் வீல் இல்ல. 1,18,000 கிலோமீட்டர் ஓடிருச்சு ஆனா இஞ்சின் இன்னும் கல்லு மாதிரி இருக்கு, விக்க மனசில்ல. வீடு தேனி, பூப்பாறை தாண்டி மாமனாருக்கு மூணு ஏக்கர் ஏலத்தோட்டம், வாரம் ஒரு நடை போயே ஆகணும். போடிமெட்டு 17 கொண்டை ஊசி வளைவும் நல்ல தார் ரோடு, அதுல ஒண்ணும் பிரச்சனை இல்ல. மெயின் ரோட்ட விட்டு இறங்குனதுக்கு அப்புறம் இருக்கற ரெண்டரை கிலோமீட்டர் தான் சோதனை, பாதி கல்லு பாதி செம்மண்ணு, ஒரு எடத்துல நெட்டுக்குத்தா ஏத்தம். போன ஜூலைல அந்த ஏத்தத்துல முன் வீல் சும்மா சுத்துது, வண்டி அப்படியே பக்கவாட்டுல வழுக்கி ஏலச்செடிக்குள்ள போய் சாஞ்சு நின்னுருச்சு, ஜீப்காரர் வந்து கயிறு கட்டி இழுத்தாரு, மாமனார் முன்னாடி மானம் போச்சு.

இப்ப இருக்கறது சாதா ரோடு டயர், 215/65 ஆர்16. பட்டன் பாதி இருக்கு ஆனா சைடுல பொடிப்பொடியா வெடிப்பு. சைடுல கடைசில 1118னு போட்டிருக்கு, அது என்ன கணக்குன்னும் சொல்லுங்க. கடைக்காரர் யோகோஹாமா ஜியோலேண்டர் ஜி015 சொல்றாரு, ஃப்ரெண்டு ஒருத்தன் போட்டா பிஎஃப் குட்ரிச் கேஓ2 தான் போடணும்னு ஒத்த கால்ல நிக்கறான், இன்னொருத்தர் 215/70 போடு வண்டி உயரமாகும்ங்கறாரு. மைலேஜ் ரொம்ப அடி வாங்குமா? சத்தம் வருமா? முன்னாடி ரெண்டு மட்டும் ஏடி போட்டா போதுமா?

சும்மாதான்_வந்தேன்:
பேசாம மஹிந்திரா தார் ஜீப் வாங்கிடுங்க ப்ரோ 😄

டஸ்டர்_திண்டுக்கல்:
நானும் அதே வண்டி தான், ஜி015 போட்டு 42,000 ஓட்டிட்டேன், சிறுமலை, கொடைக்கானல் கீழ்மலைன்னு நல்லாவே அடிச்சிருக்கேன். மைலேஜ் எனக்கு ஒண்ணு ஒன்றரை குறைஞ்சுது, சத்தம் 80க்கு மேல லேசா ஒரு ம்ம்ம்னு கேக்கும், பாட்டு போட்டா தெரியாது, வீட்டம்மா இன்னைக்கு வரைக்கும் கண்டுபிடிக்கல. பெரிய வித்தியாசம் எதுலன்னா கல்லுல தான், முன்னாடி கூர்க்கல்லு ஏறுனா வயிறு கலங்கும், இப்ப அந்த பயம் இல்ல. ஆனா ஒண்ணு, மழைல தார் ரோட்டுல பிரேக் பிடிக்கறப்ப நல்ல ரோடு டயர் அளவுக்கு சட்டுனு நிக்காது, மெட்டு இறங்கறப்ப முன்னாடி வண்டிக்கு இன்னும் கொஞ்சம் இடம் விட்டு ஓட்டுங்க.

டயர்பட்டன்:
இருபது வருசமா டயர் கடைல நிக்கறவன் சொல்றேன். 1118ன்னா 2018ம் வருசம் 11வது வாரம், அதாவது மார்ச் மாசம் செஞ்சது. பட்டன் எவ்வளவு இருந்தாலும் சரி, சைடுல வெடிப்பு விட்ட டயர்ல மெட்டு இறங்காதீங்க, மாத்துங்க. புதுசு வாங்கறப்பயும் அந்த நாலு நம்பர பாத்து வாங்குங்க, குடோன்ல ரெண்டு மூணு வருசம் தூங்குன சரக்க டிஸ்கவுண்ட்னு தலைல கட்டுவாங்க.

முன்னாடி ரெண்டு மட்டும்ங்கறத மறந்துருங்க. பின்னாடி பழசு கிடந்தா ஈர வளைவுல முன்பக்கம் பிடிக்கும் பின்பக்கம் தனியா சுத்தி வந்துரும், அது மண்ணுல வழுக்குறத விட மோசம். நாலும் ஒரே மாதிரி போடுங்க, 8,000 10,000க்கு ஒரு தடவ முன்ன பின்ன மாத்துங்க, முன் வீல் இழுக்கற வண்டில முன்னாடி தான் சீக்கிரம் தேயும்.

கேஓ2 நல்ல டயர் தான், யாரும் குறை சொல்ல முடியாது, ஆனா அது எல்டி டைப், பளு ஏத்தற வண்டிக்கான கட்டுமானம், சைடு கெட்டி, வெயிட்டும் கூட. உங்க வண்டிக்கு அது அதிகம். பிக்கப் அடி வாங்கும், பள்ளத்துல இடுப்ப உடைக்கும், அந்த கெட்டித்தனத்தோட பலன் உங்க ரெண்டரை கிலோமீட்டருக்கு தேவைப்படாது.

215/70 கணக்கு பாருங்க: டயர் மொத்த உயரம் 686 மில்லிமீட்டர்ல இருந்து சுமார் 707 ஆகும், ஆனா வண்டி உயர்றது அதுல பாதி, ஒரு சென்டிமீட்டர் சொச்சம் தான். ஸ்பீடோமீட்டர் 100 காட்டுனா நீங்க 103ல போறீங்க. 85 பிஎஸ்ஸுக்கு ஏத்தத்துல ஃபர்ஸ்ட் கியரே மூச்சு வாங்கும், அந்த ஒரு சென்டிமீட்டருக்காக அதையும் கெடுத்துக்காதீங்க. அப்புறம் லோயர் ஆர்ம் புஷ், பால் ஜாயிண்ட்னு முன் வீல பிடிச்சிருக்கற பாகம் எல்லாம் செக் பண்ணாம புது டயர் மாட்டாதீங்க, பத்து வருச வண்டி, அலைன்மெண்ட் நிக்காம ஒரு பக்கமா தின்னுரும், அப்புறம் டயர குறை சொல்லுவீங்க.

உடன்குடி_தேரி:
எங்க ஊரு தேரி மணல்ல பழகுன பாடம்: டயர விட காத்து முக்கியம். முழு காத்தோட போனா ஏடியும் புதையும், 18 பிஎஸ்ஐக்கு இறக்குனா சாதா டயர் போட்ட வண்டியே மணல விட்டு வெளிய வந்துரும். உங்களது மணல் இல்ல கல்லு கலந்த மண்ணு, அதனால அவ்வளவு இறக்கக்கூடாது ரிம்மு அடி வாங்கும், 24 25 போதும், மெதுவா போங்க. தார் ரோடு ஏறுனதும் மறக்காம காத்த திரும்ப அடிச்சுருங்க, சிகரெட் லைட்டர்ல மாட்டற சின்ன கம்ப்ரசர் ஒண்ணு வாங்கிப் போட்டுக்கங்க.

மேஜர்_ஜீப்:
தம்பி நான் அந்த ஏரியாவுலயே ஜீப் ஓட்டறவன். உண்மைய சொல்லணும்னா ஜூன் மழை பிடிச்சதுக்கு அப்புறம் அந்த மண்ணுல ஏடி ரெண்டு சுத்துல பட்டன் இடுக்கெல்லாம் அடைச்சு மொட்டை டயர் ஆயிரும், நாங்க பட்டன் டயர் போட்டுட்டே சங்கிலி கட்டித்தான் ஏத்தறோம். உங்க வண்டி முன் வீல் வண்டி வேற, ஏத்தத்துல வெயிட்டு பின்னாடி போயிரும், இழுக்கற வீல் லேசாகிருச்சுன்னா எந்த கம்பெனி டயரா இருந்தாலும் சுத்தத்தான் செய்யும். மாட்டுனா ரிவர்ஸ்ல ஏத்திப் பாருங்க, சிரிக்காதீங்க, அப்ப வெயிட்டு இழுக்கற வீலு மேல வந்து உக்காரும். ஏடி போடுங்க, கல்லுக்கும் லேசான ஈரத்துக்கும் நல்லது, ஆனா அந்த ஒரு ஏத்தத்துக்கு மட்டும் வண்டி ஓடற தடத்துல ரெண்டு லோடு ஜல்லி கொட்டி இறுக்கிவிட்டா எந்த டயரும் செய்யாத வேலைய அது செய்யும்.

ஏலக்காட்டான்:
எல்லாருக்கும் நன்றிண்ணே. ஜி015 தான், அதே 215/65, நாலும். அடுத்த வாரம் புஷ் செக் பண்ணிட்டு மாட்டறேன், கம்ப்ரசர் இன்னைக்கே ஆர்டர் போட்டாச்சு. ஜல்லி விசயத்த மாமனார்கிட்ட சொன்னேன், "நல்ல யோசனை மாப்ள, எப்ப கொட்டறீங்க"ன்னு கேட்டாரு. சும்மாதான்_வந்தேன் ப்ரோ, தாருக்கு பாதி காசு நீங்க போடுங்க, நாளைக்கே புக் பண்றேன்.