இடையில் நிறுத்த முடிகிற விளையாட்டு ஏதாவது சொல்லுங்களேன்

2019-இல் அறிவிக்கப்பட்ட 'ஹாலோ நைட்: சில்க்சாங்' வீடியோ கேம் 2025 செப்டம்பரில் வரும்வரை ஆறரை ஆண்டுகள் காத்திருந்தவன் நான். வந்ததும் விடாமல் விளையாடி வலது கட்டைவிரலை வீங்க வைத்துக்கொண்டேன். தப்பு என்னுடையதுதான், தோற்கத் தோற்கப் பிடி இறுகுகிறது.

சற்றே சாந்தமாக இருக்கட்டும் என்று பண்ணை விளையாட்டான 'ஸ்டார்டியூ வேலி'க்கு மாறினேன். அங்கே ஒரு நாள் ஏறத்தாழ 14 நிமிடம். விவசாயி படுத்தால்தான் ஆட்டம் சேமிக்கப்படும். 'இன்னும் ஒரே ஒரு நாள்' என்று இங்கே விடிந்துவிடுகிறது. இரவு 2 மணியானால் அவனாவது மயங்கி விழுகிறான்!

நினைத்த இடத்தில் நிறுத்தக்கூடிய, பொத்தான்களை அதிகம் அழுத்தத் தேவையில்லாத புதிய விளையாட்டு எது? விரல் வலி கண்டவர்கள் எந்த வகைக் கட்டுப்பாட்டுக் கருவிக்கு மாறினீர்கள்? மருத்துவர் ஓய்வு சொல்லியிருக்கிறார், எடுக்கிறேன். அடியோடு விட்டுவிடு என்று மட்டும் சொல்லாதீர்கள். அதற்கு வீட்டில் அம்மா இருக்கிறார்.