மெக்சிகோவின் மண்மூடிய வீட்டுக்குள் போய் வந்தவர்கள் இருக்கிறீர்களா?

வணக்கம் நண்பர்களே. கட்டடக்கலை இறுதியாண்டு மாணவி நான். மெக்சிகோ நகரத்தை ஒட்டிய நாவ்கால்பானில் கட்டடக்கலைஞர் ஹாவியர் செனோசியைன் கட்டிய வீடுகளைத்தான் ஆய்வுக்கு எடுத்திருக்கிறேன்.

1980களில் தன் குடும்பத்துக்காக அவர் கட்டிய 'காசா ஓர்கானிகா' (இயற்கையோடு இயைந்த வீடு) நிலக்கடலைத் தோட்டைப் பார்த்து வந்த வடிவம். இரண்டு அகன்ற பகுதிகள், நடுவில் ஒடுங்கிய வழி. கம்பியை வளைத்து, கோழிவலை கட்டி, சிமெண்ட் கலவையைப் பீய்ச்சி, மேலே மண் போட்டுப் புல் வளர்த்திருக்கிறார். வெளியே நின்றால் தோட்டம்தான் தெரியும், வீட்டைத் தேட வேண்டும்! பின்னால் கட்டிய 'கெட்சல்கோவாட்லின் கூடு' (கெட்சல்கோவாட்ல் என்பது பழைய மெக்சிகோவின் இறகுப் பாம்புக் கடவுள்) பாம்பு உருவக் குடியிருப்பு, வண்ண மொசைக்கில் மின்னுகிறது.

அலெப்ரிஹே எனும் வண்ணமயமான கற்பனை விலங்கு உருவங்களைச் செய்யும் மெக்சிகோ நாட்டுப்புறக் கலைஞர்களும் நாணலாலும் கம்பியாலும் கூடு கட்டி, பசை தடவிய காகிதத்தை அடுக்கடுக்காக ஒட்டி, வண்ணம் தீட்டுகிறார்கள். காகிதத்துக்குப் பதில் சிமெண்ட் என்றால் கிட்டத்தட்ட அதே வேலைதான் என்று எனக்குப் படுகிறது. என் ஆய்வு வழிகாட்டி இதற்கு ஆதாரம் கேட்கிறார், நியாயம்தான்.

நேரில் போனவர்கள் சொல்லுங்கள்: உள்ளே ஓதம் தெரிகிறதா? வளைந்த சுவரில் அலமாரி, ஜன்னல் எல்லாம் எப்படிப் பொருத்தியிருக்கிறார்கள்? உங்கள் படங்களை ஆய்வில் சேர்க்கலாமா?

அப்புறம், ஸ்பானிஷ் தெரிந்த யாராவது செனோசியைனின் பேட்டியில் ஒரு பத்து நிமிடத்தை மட்டும் மொழிபெயர்த்துத் தர முடியுமா? இந்த மாதக் கடைசிக்குள் கிடைத்தால் போதும்.