புதுப்பிப்பு: கோத்தகிரி கிளினிக்கில் நாள்பட்ட வலியைப் பதிவு செய்வது எப்படி?

கொழுந்து பறிக்கும் பெண்களின் நாள்பட்ட இடுப்புவலியை, ஓ.பி. கூட்டத்துக்கு நடுவே ஆய்வுக்காக எப்படிப் பதிவு செய்வது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன எல்லோருக்கும் நன்றி.

கைகொடுத்தது பி.இ.ஜி. (PEG) என்ற வலி அளவுகோல். மூன்றே கேள்விகள்: கடந்த ஒரு வாரத்தில் சராசரி வலி எவ்வளவு, வாழ்க்கையின் சந்தோஷத்தை அது எவ்வளவு கெடுத்தது, அன்றாட வேலைகளை எவ்வளவு தடுத்தது. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 10. மூன்றின் சராசரிதான் மதிப்பெண். பி.பி. பார்க்கும்போதே நர்ஸ் அக்கா கேட்டு, சீட்டில் குறித்துவிடுகிறார். 3 மாதத்துக்கு மேல் நீடித்த வலியை மட்டுமே சேர்த்தோம். நோயாளிகளை வைத்துச் செய்யும் ஆய்வுகளைப் பரிசீலிக்கும் நெறிமுறைக் குழுவின் அனுமதியை முன்பே வாங்கிவிட்டோம். நீங்களும் அதை முதலில் முடியுங்கள்.

எதிர்பாராத விஷயம் ஒன்று. மறுபடி கேட்டபோது சிலருக்கு வலி எண் அசையவே இல்லை, வேலைத் தடை எண் மட்டும் நன்றாக இறங்கியது. "வலி அப்படியேதான் இருக்கு டாக்டர், ஆனா இலை மூட்டையோட மேடு ஏறிடுறேன்" என்றார் ஒரு அம்மா. வலியை மட்டும் கேட்டிருந்தால் இந்த முன்னேற்றம் பதிவாகியே இருக்காது.

அப்புறம், குணமானவர்கள் திரும்ப வருவதில்லை. அவர்களை விட்டுவிட்டால் கணக்கு குணமாகாதவர்கள் பக்கமே சாய்ந்துவிடும். தோட்டத்தில் சிக்னல் கிடைக்காததால், வேலை முடிந்து வீடு திரும்பிய பிறகு போனில் கேட்கிறோம். ஒப்பிட, இந்தச் சிகிச்சை பெறாத வேறு குழு இல்லை. எனவே சிகிச்சையால்தான் மதிப்பெண் குறைந்தது என்று இதை வைத்துச் சொல்ல முடியாது.