எலக்ட்ரானிக் இசைக்கு ரெகேவும் ஹிப்ஹாப்பும் இன்னும் வேண்டுமா?

கோத்தகிரி_மேகம்:
போன சனிக்கிழமை அரவேணுவில் நண்பர் வீட்டு மாடியில் மூன்று மணி நேரம் டெக்னோ என்ற எலக்ட்ரானிக் ஆட்ட இசை போட்டோம். நடுவில் ஒருவர் ஜமைக்காவின் ரெகே போட்டதும் ஆட்டம் படுத்துவிட்டது. டெக்னோவுக்கு வேர் ஜெர்மனியின் கிராஃப்ட்வெர்க் குழு, சிகாகோவின் ஹவுஸ் என்ற ஆட்ட இசை, அதற்கும் முன்னால் டிஸ்கோ. ரெகேவும் ஹிப்ஹாப்பும் தனி வீடுகள். இன்று எலக்ட்ரானிக் இசை செய்கிறவர் அவற்றைக் கற்றே ஆகவேண்டும் என்பதை நான் ஏற்கவில்லை.

குன்னூர்_மைக்செட்:
தம்பி, இருபது வருடமாகக் கல்யாணத்துக்கும் கோயில் பண்டிகைக்கும் மைக்செட் கட்டுகிறேன். ஜமைக்காவில் நடந்ததும் இதே தொழில்தான். அதன் தலைநகர் கிங்ஸ்டன் தெருவில் ஸ்பீக்கர் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டார்கள். அங்கே கிங் டப்பி என்று ஒருவர், ரேடியோ பழுது பார்த்தவர். பதிவான பாட்டில் குரலை இறக்கி, டிரம்மையும் பேஸையும் மட்டும் விட்டு, எக்கோவைத் திறந்துவிட்டார். மிக்சரே வாத்தியமாகிவிட்டது. அதற்குப் பெயர்தான் டப். நீங்கள் ஃபில்டரைத் திருகும்போது செய்வது வேறென்ன? கிங்ஸ்டனில் பிறந்த கூல் ஹெர்க் அந்தப் பெட்டிப் பழக்கத்தை நியூயார்க்கின் பிராங்ஸுக்குக் கொண்டுபோனார். 1973 ஆகஸ்டில் அவர் தங்கை நடத்திய விருந்திலிருந்துதான் ஹிப்ஹாப்பின் கதையைத் தொடங்குவார்கள்.

கோத்தகிரி_மேகம்:
சரி அண்ணா. ஆனால் 1982இல் ஹிப்ஹாப்காரர் ஆஃப்ரிகா பம்பாட்டா கிராஃப்ட்வெர்க்கின் மெட்டை எடுத்துத்தானே பாட்டுச் செய்தார்? அங்கே கடன் வாங்கியது ஹிப்ஹாப்தான்.

எல்லநள்ளி_கீபோர்டு:
வாங்கியதைத் திருப்பியும் கொடுத்தது. 1990களில் லண்டனில் வந்த ஜங்கிள் என்ற வேகமான எலக்ட்ரானிக் இசையைக் கேளுங்கள். 1969ஆம் வருடத்துப் பாட்டு ஒன்றில் சில நொடிகள் மட்டும் வரும் டிரம் அடியை வெட்டி வேகமாக ஓட்டி, அடியில் ரெகே பேஸைப் பாதி வேகத்தில் நடக்கவிட்டார்கள். இப்படி டிரம் மட்டும் வரும் துண்டை, அதாவது பிரேக்கை, வெட்டி எடுப்பது ஹிப்ஹாப் கைப்பழக்கம். 2000களில் தெற்கு லண்டனின் குராய்டனில் வளர்ந்த டப்ஸ்டெப் என்ற எலக்ட்ரானிக் இசையில் டப் பெயரிலேயே இருக்கிறது.

இன்னொன்று, எனக்கு நெருக்கமானது. 1985இல் ஜமைக்காவையே புரட்டிப்போட்ட ரிதம், காசியோ எம்டி-40 என்ற சின்னக் கீபோர்டில் ஏற்கெனவே இருந்த தாளம். ஸ்டுடியோவே இல்லாமல் படுகு பாட்டுக்குக் கீபோர்டில் தாளம் பிடித்தவன் நான். அதைக் கேட்ட அன்று தூங்கவே இல்லை.

கோத்தகிரி_மேகம்:
ஜங்கிளை ஒப்புக்கொள்கிறேன். டெக்னோவில் ஒரே சீராக விழும் நேர் அடி மட்டும் டிஸ்கோ கொடுத்தது, அதில் நான் மாறவில்லை. ஆட்டம் நின்றதும் உண்மை.

குன்னூர்_மைக்செட்:
மாடியில் என்ன பெட்டி வைத்தீர்கள்?

கோத்தகிரி_மேகம்:
எட்டு அங்குலம், இரண்டு.

குன்னூர்_மைக்செட்:
அதில் ரெகேயின் பேஸ் பாதிகூட வந்திருக்காது தம்பி. என்னிடம் பதினெட்டு அங்குலப் பெட்டி இரண்டு இருக்கிறது, வரும் ஞாயிறு வேலை இல்லை. ஜீப்பில் ஏற்றிக்கொண்டு வருகிறேன். அதே பாட்டை எடுத்து வையுங்கள்.