மட் (பலர் சேர்ந்து எழுத்தாலேயே ஆடும் இணைய ஆட்டம்) உலகத்தில் முதல் நாள்: உங்களுக்கு யார் வழி காட்டினார்கள்?

பழைய மோடம்:
1997, சென்னை. வீட்டில் வி.எஸ்.என்.எல். ஷெல் அக்கவுண்ட், அதாவது எழுத்து மட்டும் வரும் இணைய இணைப்பு. படம் கிடையாது, கறுப்புத் திரையில் எழுத்து மட்டும். லாம்டாமூ என்ற எழுத்து உலகத்துக்கு டெல்நெட் (வேறொரு கணினியோடு இணைக்கும் நிரல்) போட்டு, விருந்தாளியாக நுழைய 'கனெக்ட் கெஸ்ட்' என்று அடித்தேன். போனவர்களுக்கு, முதலில் போய் இறங்கும் அந்தக் கோட்டு அலமாரி ஞாபகம் இருக்கும். இருட்டு, நெரிசல், கையில் தட்டுப்படும் கோட்டுகள், பூட்ஸ், தூங்குகிற ஆட்கள், இடுப்பு உயரத்தில் ஒரு கதவுக் குமிழ். அதைத் திறக்க என்னென்னவோ அடித்துப் பார்த்து, கடைசியில் 'அவுட்' என்றதும் வெளியே வந்தேன்.

வரவேற்பறையில் ஏழெட்டுப் பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் 'ஹலோ' என்று அடித்தேன். 'ஐ டோன்ட் அண்டர்ஸ்டாண்ட் தட்' என்று வந்தது. மறுபடி அடித்தேன், மறுபடி அதே பதில். ஐந்து நிமிஷம் இப்படியே போயிற்று. அப்போது ஒருவர் என் காதில் மட்டும் விழும்படி சொன்னார்: "முதலில் இரட்டை மேற்கோள் குறி போடு, பிறகு பேசு. கடைசியில் குறி வேண்டாம்."

போட்டேன். 'வணக்கம்' என்று ஆங்கில எழுத்தில் அடித்தேன். 'கிரீன் கெஸ்ட்' (அங்கே எனக்குக் கிடைத்த பெயர்) வணக்கம் சொன்னதாகத் திரையில் வந்தது. யாரும் ஒன்றும் கேட்கவில்லை, பேச்சு எங்கோ போய்க்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அந்த அறையின் காக்கட்டூ கிளி கத்தியது: வணக்கம்! அங்கே பேசுவதைப் பிடித்துவைத்துக்கொண்டு நினைத்தபோது திருப்பிச் சொல்லும் கிளி அது. கை கால் உதறிப் போய்விட்டது எனக்கு. அதே நேரம் பார்த்துத் தங்கை உள்ளறையில் போனை எடுத்துவிட்டாள், லைன் அறுந்தது.

பிழைச் செய்தி நமக்கு மட்டும்தான் தெரியும் இல்லையா? நான் திணறியது மற்றவர்கள் திரையில் ஓர் எழுத்துகூட வந்திருக்காது. பிறகு எப்படி அவருக்குத் தெரிந்தது? ஒரு நன்றி சொல்லக்கூட முடியவில்லை. பெயரையும் குறித்துவைக்கவில்லை.

மிட்கார்ட் வாசி:
எனக்கு டிக்கு வகை மட், சண்டை போட்டு லெவல் ஏறுற ஆட்டம். கோயிலில் ஆரம்பிச்சு, சந்தைச் சதுக்கம் தாண்டி, மூணாவது லெவல்லயே காட்டுக்குள்ள போயி செத்தேன். செத்தா என்ன ஆகும்னு தெரியும்ல, உடம்போட எல்லாப் பொருளும் அங்கேயே கிடக்கும், நாம வெறுங்கையோட கோயில்ல முழிக்கணும். விளக்கும் அந்தப் பிணத்துலதான். விளக்கு இல்லாம உள்ள போனா கும்மிருட்டு, அறை வர்ணனைகூட வராது. ரெண்டு தடவை போயி ரெண்டு தடவை செத்தேன்.

மூணாவது தடவை கோயில்ல நிக்கிறப்ப ஒரு ஆளு வந்தாரு, பெரிய லெவல். எதுவும் பேசல. வரிவரியா ஓடுச்சு: விளக்கைக் கீழே வைக்கிறார். தோல் கவசத்தைக் கீழே வைக்கிறார். குட்டை வாளைக் கீழே வைக்கிறார். ரொட்டியைக் கீழே வைக்கிறார். பாதி தின்ன ரொட்டி இல்ல, நான் வாங்கி வெச்ச அதே ரெண்டு ரொட்டி. எல்லாம் என்னோடது. யாரு வேணாலும் எடுத்துட்டுப் போகலாம்ங்கிற விதி இருந்த ஆட்டம் அது. கடைசியா தலை வணங்குறார்னு ஒரு வரி, அடுத்த வரியில வடக்கே போயிட்டாரு.

எசெக்ஸ்78:
ஒரு திருத்தம். முதல் பதிவர் போன இடம் மூ. அங்கே சண்டை, லெவல் எதுவும் கிடையாது, அறையையும் பொருளையும் பயனர்களே கட்டுவார்கள். பாவெல் கர்ட்டிஸ் 1990இல் ஜெராக்ஸ் பார்க் ஆய்வுக்கூடத்திலிருந்து திறந்துவிட்டது. டிக்குமட் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் ஐந்து பேர் எழுதியது. இரண்டுக்கும் மூத்தது, 1978இல் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா தொடங்கி ரிச்சர்ட் பார்ட்டில் வளர்த்த மட். இதைக் கலக்கிப் பேசினால் புதிதாக வருபவர் தவறான இடத்தில் போய் வாளைத் தேடுவார்.

முதல் பதிவருக்கு உதவியவருக்கு எப்படித் தெரிந்தது என்பதிலும் மர்மம் இல்லை. கெஸ்ட் என்று பெயரிலேயே இருக்கிறது. வந்து ஐந்து நிமிடம் பேசாமல் நிற்கிற கெஸ்டுக்குப் பேசத் தெரியவில்லை என்பது பழைய ஆட்களுக்குப் புரியும்.

என் அனுபவம் சின்னது. கிழக்கே போய் மேற்கே திரும்பினால் பழைய அறை வராத ஒரு புதிர்க்கட்டில் இரவு முழுக்க மாட்டிக்கொண்டேன். யாரோ ஒருவர் அறைக்கு ஒரு பொருளாகக் கயிறு, தீப்பந்தம், ஆப்பிள் என்று போட்டுக்கொண்டே முன்னால் நடந்தார். அடையாளம் வைக்கிறார் என்று விடியும்போதுதான் புரிந்தது.

இப்போது தொடங்குபவர்களுக்குச் சொல்கிறேன். வெறும் டெல்நெட் வேண்டாம், நீங்கள் அடித்துக்கொண்டிருக்கும் வரிக்கு நடுவே அடுத்தவர் பேச்சு வந்து விழும். மட் ஆடுவதற்கான மட்லெட் என்ற நிரல் இலவசம், அடிக்கிற இடம் தனியாக இருக்கும். டெல்நெட்டில் கடவுச்சொல் மறைக்கப்படாமல்தான் போகும், ஆகவே மின்னஞ்சலுக்கு வைத்திருப்பதை இங்கே வைக்காதீர்கள். முதல் நாள் சண்டைக்கே போகவேண்டாம். பத்து அறை நடந்துவிட்டு, பார்க்காமல் திரும்பி வரமுடிகிறதா என்று பாருங்கள். கட்டம் போட்ட தாளில் வரைபடம் வரையுங்கள். 'விம்பி' என்ற அமைப்பு இருந்தால் உடனே போட்டுவையுங்கள், உயிர் குறைந்ததும் தானாக ஓடிவந்துவிடும். உதவிக் கோப்புகளைப் படித்துவிட்டுப் புதியவர் சேனலில் கேளுங்கள், யாரிடமும் காசு கேட்காதீர்கள். ட்ரிக்கர் (குறிப்பிட்ட வரி வந்ததும் தானாகக் கட்டளை அனுப்பும் அமைப்பு) எழுதித் தானாக ஆடவிட்டுப் படுக்கப்போகாதீர்கள், பல இடங்களில் அதற்கே வெளியேற்றிவிடுவார்கள்.

காதால் படிப்பவள்:
எசெக்ஸ் ஐயா, கட்டம் போட்ட தாள் எனக்கு உதவாது. எனக்குப் பார்வை இல்லை. இந்த ஆட்டங்களில் என்னைப் போன்றவர்கள் ஏராளம், ஆல்டர் ஏயான் என்ற மட்டில் போய்ப் பாருங்கள். மட்லெட்டும் எல்லோருக்கும் ஒரே மாதிரி இல்லை, என் கைக்குப் பழகியது மஷ்கிளையன்ட் என்ற வேறொரு நிரல்தான், திரையைப் படிக்கும் என்.வி.டி.ஏ. மென்பொருள் அதை வாசித்துக் காட்டும்.

நான் முதலில் போனது வேறொரு ஆட்டம். அதில் அறைக்கு அறை குறிகளாலேயே ஒரு வரைபடம் போடுவார்கள். பார்ப்பவர்களுக்கு அழகாக இருக்குமாம். எனக்கு அது "நட்சத்திரம் நட்சத்திரம் கோடு கோடு சாய்கோடு நட்சத்திரம்" என்று ஓடிக்கொண்டே இருந்தது. அது முடிந்து வர்ணனை வருவதற்குள் ஏதோ ஒன்று என்னை அடித்துக்கொண்டிருந்தது. எது அடிக்கிறது, எந்தப் பக்கம் வாசல், ஒன்றும் காதில் விழவில்லை. மூன்று நாள் அப்படித்தான் ஆடினேன். மூன்றாம் நாள் இனி வேண்டாம் என்று சேனலில் எழுதினேன்.

உடனே ஒருவர் தனியாகக் கேட்டார்: "நீ கேட்கிறாயா, பார்க்கிறாயா?" கேட்கிறேன் என்றேன். வரைபடத்தை அணைக்க ஒரே ஒரு கட்டளை சொன்னார். அணைத்துவிட்டு 'லுக்' என்றேன். "ஓடைக்கரை. தண்ணீர் தெற்கே பாய்கிறது. வாசல்கள்: வடக்கு, கிழக்கு." அவ்வளவுதான், முழு அறையும் ஒரே மூச்சில் காதுக்குள் வந்துவிட்டது. நான் அழுதுவிட்டேன். அவரும் கேட்டு ஆடுபவர், பிரேசில்காரர். வரைபடம் தாளில் வேண்டாம், "வடக்கு மூன்று, கிழக்கு ஒன்று, பாலம்" என்று பாட்டு மாதிரி மனப்பாடம் செய் என்றார். இன்றைக்கும் அப்படித்தான் நடக்கிறேன்.

புதியவர்களுக்கு அறிவுரை எழுதும்போது அந்தக் கேள்வியை முதலில் கேளுங்கள் ஐயா.

எசெக்ஸ்78:
சரி அம்மா. அந்த வரியைச் சேர்த்து எழுதுகிறேன். நீங்கள் சொன்ன ஆட்டத்தில் அந்தக் கட்டளை என்ன என்று சொன்னால் அதையும் போடுகிறேன்.

காதால் படிப்பவள்:
ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். உதவியில் 'ஸ்கிரீன் ரீடர்' என்று தேடச் சொல்லுங்கள்.

புதுவரவு:
முதல் பதிவு போட்ட அண்ணா, அந்த லாம்டாமூ இன்னும் இருக்கா? எப்படிப் போறது?

பழைய மோடம்:
இருக்கு தம்பி. போர்ட் 8888. 'கனெக்ட் கெஸ்ட்' அடி. அலமாரியில் இருப்பாய், 'அவுட்' என்றால் வெளியே வரலாம். பேசுவதற்கு முன்னால் இரட்டை மேற்கோள் குறி போடு, கடைசியில் வேண்டாம். இன்றைக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் வரவேற்பறையில் இருப்பேன்.