மஞ்சள் வைரம்: டெஸ்டர் பேனா பீப் அடித்தால் போதுமா?

சேலத்தான்:
தெரிந்தவர் மூலம் நாற்பது சென்ட் (0.40 கேரட்) மஞ்சள் வைரம் ஒன்று விலைக்கு வந்திருக்கிறது. நல்ல அடர் மஞ்சள், மோதிரத்தில் பதிக்காத வெறும் கல். சர்டிபிகேட் கிடையாது, "இயற்கைக் கல்தான்" என்று அடித்துச் சொல்கிறார். ஆசாரி டெஸ்டர் பேனாவை வைத்தார், வைரம் என்றே காட்டியது. வாங்கலாமா?

கார்த்தி:
அந்தப் பேனா கல் வெப்பம் கடத்துவதைப் பார்ப்பது, அமெரிக்கன் டைமண்ட் மாதிரிப் போலியைத்தான் பிடிக்கும். லேபில் வளர்த்ததும் வைரம்தானே, வெப்பத்தை அதே மாதிரிதான் கடத்தும்.

மீனாட்சி:
கல் தரம் பிரிக்கிறதுதான் என் வேலை. அடர் மஞ்சள், சர்டிபிகேட் இல்லை என்றாலே நான் தயங்குவேன்.

இயற்கைக் கல், லேப் கல் ரெண்டிலும் மஞ்சளுக்குக் காரணம் நைட்ரஜன்தான். பூமிக்குள் கோடிக்கணக்கான வருஷம் சூட்டில் கிடக்கும்போது அந்த அணுக்கள் நகர்ந்து ரெண்டு, மூன்று, நான்காகக் கூடிவிடும். மூன்று கூடிய இடம் 415 நானோமீட்டரில் ஒளியை விழுங்கும். ஒளியை நிறங்களாகப் பிரித்துக் காட்டும் கையடக்க ஸ்பெக்ட்ராஸ்கோப்பில் ஊதா ஓரத்தில் அது கருப்புக் கோடாகத் தெரியும். லேபில் வைரம் வளர்க்கும் அழுத்த மெஷினிலோ கல் சில நாள், சில வாரத்தில் வளர்ந்துவிடுகிறது. அணுக்கள் கூட நேரமே இல்லை, ஒண்டியாகவே நிற்கும். ஒண்டி நைட்ரஜன் தரும் மஞ்சள்தான் பளிச்சென்று இருக்கும். மண்ணில் அது அபூர்வம், மெஷினில் அதுதான் சுலபம்.

வெறும் கல் என்கிறீர்களே, ஒரு வேலை செய்யுங்கள். தெர்மோகோல் துணுக்கின் மேல் கல்லை வைத்துக் கிண்ணத் தண்ணீரில் மிதக்கவிட்டு, நியோடிமியம் காந்தத்தைப் பக்கத்தில் கொண்டுபோங்கள். வளர்க்கும்போது போட்ட இரும்பு, நிக்கல் துளி உள்ளே மாட்டியிருந்தால் கல் மெல்லக் காந்தத்தை நோக்கி நகரும். லூப்பில் (நகைக்காரர் உருப்பெருக்கி) பார்த்தால் அந்தத் துளி கருப்பு. மேலிருந்து வெளிச்சம் விழுந்தால் உலோகமாக மினுக்கும். அசையாவிட்டால் மட்டும் இயற்கை என்று துள்ளாதீர்கள், சுத்தமாக வளர்ந்த லேப் கல்லும் அசையாது.

பலரும் விடுகிற இடம் ஒன்று. கல் இயற்கையா என்பது வேறு, நிறம் இயற்கையா என்பது வேறு. தோண்டியெடுத்த பழுப்புக் கல்லுக்கே சூடும் அழுத்தமும் கொடுத்துப் பச்சை கலந்த மஞ்சளாக்குவார்கள். ஜி.ஐ.ஏ. என்கிற கல் சோதனை நிறுவனத்தின் அறிக்கையில் நிறம் எப்படி வந்தது என்பதற்குத் தனி வரியே உண்டு. அதைப் பார்க்காமல் பணத்தை எண்ணாதீர்கள்.

சேலத்தான்:
காந்தத்துக்கு அசையவில்லை மேடம். சோதனை லேபுக்கு அனுப்பலாம் என்றால் விற்பவர் இழுக்கிறார்.

மீனாட்சி:
இழுத்தால் விட்டுவிடுங்கள். லேப் கல் விலைக்குத் தருவார் என்றால் வாங்குங்கள்.

ரேவதி:
அக்காவின் நீலக் கல்லை டெஸ்டர் மொய்சனைட் (வைரம் போலவே இருக்கும் வேறு கல்) என்கிறதே?

மீனாட்சி:
மின்சாரத்தைப் பார்க்கிற டெஸ்டராக இருக்கும். போரான் கலந்த நீல வைரமும் மின்சாரம் கடத்தும், மெஷின் ஏமாந்துபோகும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் மியூசியத்தில் இருக்கிற 45.52 கேரட் ஹோப் வைரமும் போரான் கல்தான். லூப்பில் கல்லைச் சாய்த்துப் பாருங்கள்: மொய்சனைட் என்றால் பின்பக்கப் பட்டைகளின் விளிம்பு ரெட்டையாகத் தெரியும். ஒற்றையாக இருந்தால் அக்காவிடம் சொல்லிச் சோதனை லேபுக்கு அனுப்புங்கள். போரான் போட்டு வளர்த்த நீலமும் மார்க்கெட்டில் நிறையவே இருக்கிறது.